பதினேழாம் எண்ணுக்கு இருபது ஓட்டு

ஓட்டு முடிய இன்னும் ஒன்பது நிமிடம்.

வியோரிகா தன் ஃபோனிலிருந்து இருபதையும் போட்டுத் தீர்த்துவிட்டாள். ஒரு ஃபோனுக்கு இருபதுதான். இருபத்தோராவதை அனுப்பிப் பார்த்தாள். ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. இன்னொரு தடவையும் அனுப்பிப் பார்த்தாள்.

டிவியில் எல்லா நாட்டுப் பாட்டும் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி. இந்த வருடம் நடப்பது இத்தாலியில், இதே டுரினில்தான். நாலே டிராம் நிறுத்தம் தள்ளி.

பதினேழாம் எண் வந்தது. செனியா, மால்டோவா. சிவப்புப் பாவாடை, வெறுங்கால். எட்டு நொடி. போய்விட்டாள்.

சொந்த நாட்டுக்கு யாரும் ஓட்டுப் போடக் கூடாது, அதுதான் சட்டம். மால்டோவாவில் மிச்சமிருப்பது கிழடுகளும் குழந்தைகளும். அவர்கள் செனியாவுக்குப் போட முடியாது. போடக்கூடியவர்களெல்லாம் இங்கே இருக்கிறார்கள், இத்தாலிக்காரர்களின் அப்பா அம்மாவுக்கு மலம் துடைத்துக்கொண்டு.

அத்தனை பேரையும் ஒரு வாரமாக வியோரிகா வாட்ஸப்பில் பிடுங்கி எடுத்துவிட்டாள். பொறுக்க முடியாமல் பதோவாவிலிருந்து லூமினிட்சா குரல் அனுப்பினாள்: "அடியே, எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் இத்தன மெசேஜ் போடலடி. யாரு பெத்த புள்ளைக்கோ இப்படி உயிர விடுறியே!"

 போட்டாச்சா என்று மட்டும் வியோரிகா திருப்பிக் கேட்டாள்.

ஓட்டுத் தொடங்கியதும் கட்டிடத்தின் ஐந்து மாடியும் ஏறி இறங்கியிருந்தாள். மூன்றாம் மாடியில் வேலை பார்க்கும் பெரு நாட்டுக்காரி சிரித்துக்கொண்டே போட்டாள். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்து, கழற்றாமலே சாத்தினார்.

பன்னிரண்டு புள்ளி வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் மக்கள் அதிகம் ஓட்டுப் போட்ட பாட்டுக்குத் தருகிற பன்னிரண்டு. மற்ற நாடுகள் கொடுத்தாலும் சரி, கொடுக்காமல் நாசமாய்ப் போனாலும் சரி. இத்தாலி கொடுக்க வேண்டும். இந்த நாடு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

கட்டிடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபோன். அது சினியோரா எர்மினியாவின் மடியில், போர்வைமேல் கிடந்தது.

இடுப்பு ஒடிந்த கிழவி. வியோரிகா ஆறு வருடமாகக் குளிப்பாட்டுகிற கிழவி. அவள் வேறு கோபத்தில் இருந்தாள்.

"பந்தி வைக்கிறது நாம. பாடுறவன் நம்ம பையன். அவனுக்கு நாம ஓட்டுப் போடக் கூடாதாம்! எந்த மடையன்டி எழுதினான் இந்தச் சட்டத்த?"

"அப்போ பதினேழுக்குப் போடலாமே சினியோரா. ஃபோனக் குடுங்க."

"உங்க ஊர்க்காரிக்கா? உங்க ஊர்ல பாடவும் ஆள் இருக்கா? கக்கூஸ் கழுவ மட்டுந்தான் இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!"

கிழவி குலுங்கிச் சிரித்தாள். இடுப்பு வலித்ததும் நிறுத்தினாள்.

வியோரிகாவும் சிரித்தாள். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்ந்ததுதான்.

ஐந்து நிமிடம்.

மண்டியிட்டாள். செருப்பு மாட்டிவிடுவதற்கு மட்டுமே அந்த இடத்தில் மண்டியிட்டுப் பழக்கம். "ஒரே ஒரு தடவ, சினியோரா. ஆறு வருஷத்துல நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

"தள்ளு, டிவிய மறைக்கிற."

டிவியில், பாடியவர்கள் உட்கார்ந்திருந்த சோபாக்களுக்கு நடுவே ஒருவன் மைக்கோடு நடந்துகொண்டிருந்தான். செனியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இந்தப் பாட்டு யாருக்கு என்று கேட்டான்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை இத்தாலியக் குரல் ஒன்று திருப்பிச் சொன்னது. அம்மாவுக்கு. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது இறந்துவிட்டார். முகம்கூட இப்போது சரியாக ஞாபகமில்லை.

வியோரிகா மண்டியிட்டபடியே இருந்தாள்.

கிழவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, தாயில்லாப் புள்ளையா! இத மொதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியா நீ? இந்தா, புடி. இருபதும் அவளுக்கே போடு."

கட்டைவிரலை வைத்துத் திறந்து, ஃபோனைக் கையில் திணித்தாள்.

பதினேழு, அனுப்பு. பதினேழு, அனுப்பு. அவசரத்தில் ஒரு தடவை எழுபத்தொன்று என்று விழுந்தது. அழித்தாள். பதினேழு, அனுப்பு.

"எப்படிச் செத்தாளாம் அவ அம்மா? உங்க ஊர்தானே, தெரிஞ்சிருக்குமே?"

"காய்ச்சல், சினியோரா." வியோரிகா ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணே நாள் காய்ச்சல்."

"பாவம்."

பத்தொன்பது. இருபது.

செனியா வயதை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தாள். ஏழுதான். ஜனவரி மாதம். மால்டோவாவின் கிஷினாவ் பேருந்து நிலையத்தில், கோட்டைப் பிடித்துக்கொண்டு விடாத மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் வியோரிகா இத்தாலி வண்டியில் ஏறினாள்.