அஸர் பாங்கு வரைக்கும்

சூடான தகடு காதில் பட்டது. அர்வா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பைய இழு. பிள்ளைக்குச் சுருள்முடி, சூட்டுல கருகிரும்" என்றாள் அவள் உம்மா மஹ்மூதா பீவி. சுருள்முடி என்று சொல்லும்போது அவள் குரலில் தேன் ஒழுகும்.

மருமகள் ஸமீஹா அடுத்த கற்றையை மிஷினின் வாயில் கொடுத்து இழுத்தாள். புகை வந்தது. முடி நீண்டு நேரானது.

அந்த வீட்டில் முடியை நேராக்குகிற மிஷினைப் பிடிக்கத் தெரிந்தவள் ஸமீஹா ஒருத்திதான். ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தார்கள். கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தும் அவள் முக்காட்டைத் தளர்த்தவில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து வீட்டுக்குள்ளும் அப்படித்தான் இருக்கிறாள்.

மாப்பிள்ளையின் தாயார் திசையன்விளையிலிருந்து கிளம்பியாகிவிட்டது.

இதற்கு முன்னால் வந்த இரண்டு வீட்டாரும் அர்வாவின் படிப்பைக் கேட்டார்கள், சமையலைக் கேட்டார்கள், கடைசியில் தலையை அவிழ்த்துப் பார்த்தார்கள். அப்புறம் போனே வரவில்லை. அதெல்லாம் போகட்டும். இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே பயம் தண்ணீர். ஒரு சொட்டு பட்டாலும் முடி பழையபடி சுருண்டுவிடும். வந்தவர்கள் சாயங்காலம் அஸர் பாங்கு வரைக்கும் உட்கார்ந்து, தொழக் கூப்பிட்டுவிட்டால் ஒளு செய்தாக வேண்டும். முகம், கை, பிறகு ஈரக்கையால் தலை.

மஹ்மூதா பீவி அதற்கும் வழி வைத்திருந்தாள். மாதத்தில் அந்த நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. இன்று அந்த நாள் என்று சொல்லிவிட வேண்டியது. எந்தப் பொம்பிளையும் அதைக் கிண்டிக் கேட்கமாட்டாள்.

வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் தாயார் நல்ல மாதிரி. அர்வாவின் பின்னலை அவிழ்த்து விரல்களை விட்டுக் கோதினாள். எங்கும் சிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன நகைப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொழுதுவிட்டு, கழுத்தில் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"வா பிள்ளே, சேர்ந்து தொழுவோம்."

"எனக்கு இன்னைக்குத் தொழுகை இல்ல மாமி." அர்வா தலையைக் குனிந்து, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள்.

அந்த அம்மாள் புரிந்துகொண்டு அவள் கன்னத்தைத் தட்டினாள். மஹ்மூதா பீவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்த ஸமீஹா நிமிராமலே கேட்டாள்.

"ஏன் அர்வா, மத்தியானம் லுஹர் என் பக்கத்துலதானே நின்னு தொழுதே?"

கேட்டுவிட்டுக் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. சோம்பல் என்று நினைத்துச் சிரித்தாள். அர்வாவின் மணிக்கட்டைப் பிடித்து முற்றத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். இன்னொரு பொய் சொல்ல அர்வாவுக்கு வாய் வரவில்லை.

முகம் கழுவினாள். கை கழுவினாள். தலைக்கு விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

"நல்லாத் தடவு பிள்ளே."

தடவினாள். நெற்றியோரத்தில் முதல் கற்றை மெல்லச் சுருண்டு எழுந்தது. பிறகு அதற்குப் பக்கத்துக் கற்றையும் சுருண்டது. அந்த அம்மாளின் கை மணிக்கட்டை விட்டது. காதில் இருந்த தீக்காயத்தையும் அவள் பார்த்தாள். நகைப்பெட்டி கைப்பைக்குள் திரும்பப் போனது.

வாசற்படியில் நின்ற மஹ்மூதா பீவி மருமகளைப் பார்த்தாள்.

ஸமீஹா பக்கத்துக் குழாயில் உட்கார்ந்து ஒளு செய்துகொண்டிருந்தாள். தலைக்கு வந்ததும் முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். அர்வாவுக்கு இருப்பதைவிட அடர்த்தியான சுருள்முடி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு மறுநாள் காலை, இதே குழாயடியில் அந்தத் தலை நனைந்தபோதுதான் மஹ்மூதா பீவி, 'தேங்காய் நாரையில்லா கட்டிட்டு வந்திருக்கான் எம்பிள்ளை' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே வாங்கி வந்து மருமகள் மடியில் போட்டதுதான் அந்த மிஷின்.

அன்றைக்குச் சிரிக்காதவள் அர்வா ஒருத்திதான். ஓடிப்போய்த் துண்டு எடுத்துவந்து மதினியின் தலையை மூடினாள்.

ஸமீஹா அதை மறக்கவில்லை. கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி, அர்வாவிடம் நீட்டினாள்.