தகரக் குரல்

சனிக்கிழமை காலை எட்டு பத்து. பிஸ்கட் ரொட்டியின் மேல் ஊற்றிய கிரேவி ஆறுவதற்குள், மேசை மேலிருந்த, பேசவும் கேட்கவும் உதவும் கைவானொலியில் அந்தக் குரல் மறுபடி வந்தது.

"மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு இடிமழை எச்சரிக்கை. ஒன்பதரை வரை. ஆலங்கட்டி விழலாம்." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எல்லாச் சொற்களும் ஒரே உயரத்தில் ரீங்கரித்தன.

"ஆரம்பிச்சிடுச்சு" என்றார் ராய்ஸ் ஹாட்லி. வானொலி கிளப்பின் தலைவர். "தகரத்துக்கு வாய் முளைச்சா இப்படித்தான்."

உணவகத்தின் நீள மேசையைச் சுற்றி இருந்த பதினோரு பேரில் முக்கால்வாசிப் பேர் சிரித்தார்கள். நதீன் ப்ரூயிட் சிரிக்கவில்லை.

கிளப்பின் ரிப்பீட்டர் கயோட்டி மேட்டில் இருந்தது. கீழே யார் பேசினாலும் வாங்கி மாவட்டம் முழுக்கக் கேட்க வைக்கும். இரண்டு வருடம் முன்பு நதீனின் கணவர் ஆர்ரின், வானிலை எச்சரிக்கை வானொலி ஒன்றைக் கொண்டுபோய் அதனுடன் கம்பி போட்டு இணைத்திருந்தார். எச்சரிக்கை வந்தால் அதன் இயந்திரக் குரலும் மாவட்டம் முழுக்க ஒலிக்கும்.

"இன்னிக்கு ஒரு முடிவு எடுத்தாகணும்" என்றார் ராய்ஸ். "நேத்து சாயங்காலம் மட்டும் என் பேச்சுல நாலு தடவை குறுக்க வந்துச்சு. மூச்சு வாங்க ஒரு நொடி விட்டா போதும், புகுந்துடுது."

"அப்ப மூச்சு வாங்காமப் பேசுங்க, தலைவரே. உங்களுக்கா முடியாது?" என்றாள் நதீன்.

இந்த முறை சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது.

ராய்ஸ் முகம் சிவந்தார். "எல்லார் போன்லயும் எச்சரிக்கை வருது. கான்சஸ்ல மேகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்காதவன் எவன் இருக்கான்? அந்தப் பெட்டி நமக்கு எதுக்கு?"

"ஓடைப் பள்ளத்துல போன் எடுக்காது. ஊர்ச் சங்கும் கேக்காது. அங்க பதினாலு வீடு இருக்கு. அவங்களுக்கு இருக்கிறது இந்தக் குரல் ஒண்ணுதான்."

கோதுமை விவசாயி மெர்ல் வோத் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்றேன். மே மாசம் அது 'வோத் களஞ்சியத்துக்குப் பின்னால சின்னப் பாலத்துல தண்ணி ஏறுது'ன்னு சொல்லுச்சு. என் மாடு ஆறும் அதனாலதான் பொழைச்சுது."

"உங்க மாடுங்களுக்கு ஓட்டு இல்ல, மெர்ல்" என்றார் ராய்ஸ். "கழட்டணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஒன்பது கைகள் மேலே போயின. சிலர் மறு கையால் காப்பியை எடுத்துக் குடித்தார்கள். நதீனும் மெர்லும் மட்டும் தூக்கவில்லை.

"முடிஞ்சுது. மேட்டு அறைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு, நதீன்? குடுங்க."

"தரமாட்டேன்."

"ஓட்டெடுத்தாச்சும்மா."

"பாத்தேன். தரமாட்டேன்."

மேற்கில் முதல் இடி கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆர்ரின் இங்க இருந்தா ஒத்துக்கிட்டிருப்பார்" என்றார் ராய்ஸ், கொஞ்சம் இறங்கி. "சட்டதிட்டம் மதிக்கிற மனுஷன்."

"அவர் பேரை எடுக்காதீங்க."

"ஏம்மா, அவன் எப்படி இருக்கான்?" என்று மெர்ல் கேட்டார். "குரல்வளைய எடுத்துட்டாங்கன்னா என்ன? வந்து உக்காந்து காப்பி குடிக்கச் சொல்லு. பேசலேன்னு யார் அடிக்கப் போறா?"

"சொல்லிப் பாத்துட்டேன். வரமாட்டேங்கிறார்." நதீன் சாவியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

ராய்ஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "சாவியை நீங்களே வச்சுக்கோங்க. என் வண்டியில பூட்டறுக்கிற கத்திரி இருக்கு. மழை வர்றதுக்குள்ள மேலே போய் அந்தக் கம்பியையும் நறுக்கிட்டு வந்துடுறேன்."

"போங்க. நறுக்கறதுக்கு அங்க கம்பி இல்ல."

"என்ன?"

"ஏப்ரல்ல மேட்டு மேல இடி விழுந்துச்சே, அன்னிக்கே அந்தப் பெட்டி கருகிப்போச்சு. நான்தான் கழட்டி எடுத்துட்டு வந்தேன். எங்க வீட்டுக் கொட்டகையில கிடக்கு. வேணும்னா போய்ப் பாருங்க."

மெர்ல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். யாரும் காப்பியைத் தொடவில்லை.

"ஏப்ரல்லயா?" என்றார் ராய்ஸ். "இப்ப ஜூன். அப்ப இத்தனை நாளா பேசுனது யாரு?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்." என்றாள் நதீன். "கழுத்துல ஒரு கருவியை அழுத்தி வச்சாத்தான் வார்த்தை வருது. கடைக்குப் போனா வாயைத் திறக்கறதில்ல. பேரப்பசங்ககிட்டக்கூட எழுதித்தான் காட்டுவார். எச்சரிக்கை வந்தா மட்டும் மைக்கை எடுப்பார்."

அவள் கைவானொலியை எடுத்து ராய்ஸின் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"வீட்டுல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். பொத்தானை அமுக்குங்க, தலைவரே. வாயை மூடுன்னு ஆர்ரின்கிட்ட நீங்களே சொல்லுங்க."