கீழே இழுத்தால் பின்னால்

நிர்பை சிங் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். இடக்குச்சியை மேலே தள்ளினால் முன்னால். கீழே இழுத்தால் பின்னால். நடுவில் விட்டால் நிற்கும்.

ஷோரூம்காரன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வீட்டுப் பழைய டிராக்டரில் எந்தக் கியரைப் போடுவதானாலும் வலது கையால் ரெண்டு தட்டு தட்டினால் போதும். புது வண்டியிலோ ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு குச்சி, சீட்டுக்கு வலப்பக்கம் ரெண்டு குச்சி. அதில் ஒன்றுக்கு, மெதுவுக்கு ஆமைப் படமும் வேகத்துக்கு முயல் படமும் வேறு போட்டு வைத்திருந்தான் வண்டி செய்த புண்ணியவான்.

நிச்சயதார்த்தத்தன்றே வாயை விட்டாயிற்று. எல்லாரும் போல் காரில் இல்லை, புது டிராக்டரில் நானே ஓட்டிக் கூட்டிப் போவேன் பெண்ணை என்று. நிர்பை என்றால் அச்சமில்லாதவன். அந்தப் பெயரை வைத்தவர்கள், இப்போது அவன் குச்சிகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவதைப் பார்த்திருக்க வேண்டும்.

மணப்பெண் வீர்பால், சிவப்பு முக்காடும் கை நிறைய வளையலுமாக, இடப்பக்க மட்கார்டு மேல் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெண் வீட்டுச் சனம் மொத்தமும் வாசலில் நின்று அழுதது. மாமியார் மல்கீத் கௌர் அழுத அழுகையில் டோல் மேளம் அடிக்கிறவர்களே கையை நிறுத்திவிட்டார்கள். வீர்பாலின் அண்ணன் தம்பிகள் நாலு பேரும், பெண்ணை ஏற்றிய வண்டியைத் தள்ளிவிடும் வழக்கப்படி, பின்னால் போய்க் கை வைத்து நின்றார்கள்.

இங்கே சொதப்பினால் அவ்வளவுதான். சாகிற வரைக்கும் மாமியார் வீட்டில் அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இடக்குச்சியை மேலே தள்ளினான். வலப்பக்கம் குனிந்து ஆமையைத் தேடிப் போட்டான். முதல் கியர் போட்டான். வாஹேகுரு என்று கடவுளைக் கும்பிட்டுக் கிளட்ச்சை விட்டான்.

டிராக்டர் பின்னால் போனது.

மச்சான்களுக்கு விஷயம் புரியவில்லை. புது வண்டி, கொஞ்சம் கனம் போலிருக்கிறது என்று மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். "தம் கட்டித் தள்ளுங்கடா, தங்கச்சி போகவேணாமா!" என்று மூத்தவன் கத்தினான். அவர்கள் இப்படித் தள்ள, வண்டி அப்படித் தள்ள, நாலு ஜோடி ஜரிகைச் செருப்பும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வாசலுக்கே திரும்பிப் போயின.

நிர்பை பதறிப்போய் பிரேக்கை மிதித்தான்.

"அடப்பாவி, பொண்ணு ஏறின வண்டி பின்னால போகலாமாடா!" அவனுடைய பெரிய அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போக வந்தியா, திருப்பிக் குடுக்க வந்தியா?"

அழுகைக்கு நடுவே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிர்பைக்குக் காது சுட்டது. பார்த்தால் இடக்குச்சி கீழே கிடக்கிறது. மேலேதானே தள்ளினோம்? சத்தியமாக மேலேதானே?

திரும்பவும் கிளட்ச். திரும்பவும் குச்சி மேலே. ஆமையும் முதல் கியரும் சரியாக விழுந்திருக்கிறதா என்று வலப்பக்கம் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்தான்.

மறுபடியும் பின்னால்தான்.

இந்தத் தடவை மச்சான்கள் உஷாராகத் தெறித்து ஓடினார்கள். டிராக்டர் ஆமை வேகத்தில் ஊர்ந்துபோய்ப் பந்தல் கம்பத்தை இடித்தது. கம்பம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சாய்ந்தது. பந்தல் துணி அத்தனையும், அடியில் உட்கார்ந்து ஜிலேபி தின்றுகொண்டிருந்த நிர்பையின் பெரியப்பா மேல் இறங்கியது.

"அதுக்குள்ள இருட்டிப்போச்சா?" என்றார் அவர் துணிக்குள்ளிருந்து, மென்றுகொண்டே.

அவ்வளவுதான், வாசலே வெடித்துச் சிரித்தது. மல்கீத் கௌர் துப்பட்டாவை வாயில் திணித்துப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

நிர்பைக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மூன்றாம் தடவை வண்டி நல்ல பிள்ளையாக முன்னால் போனது. ஊர் எல்லை வரைக்கும் சிரிப்புச் சத்தம் துரத்திக்கொண்டே வந்தது. அதைத் தாண்டியதும் முயலுக்கு மாற்றினான்.

வாய்க்கால் பாலம் கடந்ததும் அவள் பக்கம் திரும்பினான். "நான் மேலதான் தள்ளினேன். ரெண்டு தடவையும்."

"ஆமா," என்றாள் வீர்பால். "நீங்க அந்தப் பக்கம் குனிஞ்சு ஆமையப் பாக்குறப்ப, நான்தான் கீழ இழுத்துவிட்டேன்."

அவனுக்கு வந்த கோபத்துக்கு ஸ்டீயரிங்கே கையோடு வந்திருக்கும். "ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே! எதுக்கு?"

"எங்கம்மா மூணு நாளா அழுதுக்கிட்டே இருக்காங்க. கடைசியா அந்த முகத்தையா பாத்துட்டு வர்றது, சொல்லுங்க?"

சொல்லிவிட்டு முக்காட்டுக்குள் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். பெண் வீட்டுச் சனத்தில் இவ்வளவு நேரம் அழாமல் இருந்த ஒரே ஆள் இவள்தான் என்பது அப்போதுதான் நிர்பைக்கு உறைத்தது. பாவமாக இருந்தது.

வண்டியை நிறுத்தினான். திரும்பிப் பார்த்தான். அவன் வீட்டுக் கார்கள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்றன. முதல் காரில் பெரிய அத்தை.

கிளட்ச்சை மிதித்து, முயலிலிருந்து ஆமைக்கு மாற்றினான். "எங்க அத்தையக் கொஞ்சம் பாரு," என்று இடக்குச்சியைத் தானே கீழே இழுத்தான்.

முதல் காரின் ஜன்னல் வழியாக அத்தையின் தலை வெளியே வந்தது.