ஐம்பது நிமிடத் தூரம்

"உங்க அக்கா எப்ப வந்து சேருவாங்க? முதல்ல அதைச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

எதுவானாலும் செல்போனைக் கேட்டால் ஆயிற்று என்பது அவன் வழக்கம். தன் ஊர்ப் பெயரையும் அக்கா ஊர்ப் பெயரையும் தட்டினான். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது.

"முந்நூறு கிலோமீட்டர், ப்ளேன்ல அம்பது நிமிஷம்னு போட்டிருக்கு டாக்டர். ஏர்போர்ட்டுக்குப் போற நேரம், வர்ற நேரம் எல்லாம் சேர்த்தாலும் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இங்க இருப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலி மருந்தைக் குறைச்சாத்தான் அம்மா கண் முழிப்பாங்க. அதுவும் கொஞ்ச நேரந்தான். இன்னொரு தடவை அவங்க உடம்பு தாங்காது."

"அஞ்சுக்கே பண்ணிடுங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். மகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அம்மா நினைவு தப்புவதற்கு முன் கேட்டது. அதையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"அக்காகிட்ட பேசினீங்களா?" என்றாள் மனைவி.

"காலையிலயே சொல்லிட்டேன். 'இதோ கிளம்பிட்டேன்டா'ன்னு அழுதுக்கிட்டே வச்சுட்டா. இப்ப அடிச்சா லைன் கிடைக்கல. ப்ளேன்ல ஏறி ஆஃப் பண்ணியிருப்பா."

"அவ்வளவு கிட்டவா இருக்கு? அத்தை வருஷா வருஷம் போயிட்டு வந்து ரெண்டு நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பாங்களே."

"அம்மா கஞ்சம். ப்ளேன்ல போக வேண்டியதுதானேன்னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறப் போயிடுவாங்க."

மறுபடியும் அக்கா நம்பரை அடித்துப் பார்த்தான்.

ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து மருந்தைக் குறைத்தாள். அக்காவைக் காணவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்குமாக அவன் நடையாய் நடந்தான். அம்மாவின் இமைகள் மெல்லத் திறந்தன. நர்ஸ் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினாள். அம்மாவின் கண்கள் அவனைத் தாண்டி, மருமகளைத் தாண்டி, கதவில் போய் நின்றன.

"எங்கடா அவ?"

"வந்துக்கிட்டே இருக்காம்மா. ப்ளேன் லேட்டு போல. அம்பது நிமிஷந்தான். அதுவரைக்கும் கண்ணை மூடிடாதீங்கம்மா."

அம்மா அவனைப் பார்த்தாள். கோபமில்லை. பாவம் பிள்ளை என்பதுபோல் பார்த்தாள்.

"அங்க ஏதுடா ப்ளேனு? அந்த ஏர்போர்ட்ல ஆடு மேயுது... மலையெல்லாம் சுத்தி மூணு பஸ் மாறணும். மலைப்பாதையில போன் கிடைக்காது. நாளைக்குக் காலையிலதான் வருவா."

"சிஸ்டர், மறுபடியும் தூங்க வைங்க. நாளைக்கு எழுப்பிக்கலாம்," என்று கெஞ்சினான். "இன்னொரு தடவை தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரே சார்," என்றாள் நர்ஸ்.

"எனக்கு யாருமே சொல்லலையேம்மா," என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

அம்மாவின் இமைகள் கீழே இறங்கத் தொடங்கியிருந்தன.

"இதைச் சொல்லணுமாடா? அவளைக் கட்டிக் குடுத்து இத்தனை வருஷத்துல, ஒரே ஒரு தடவை அவ வீட்டுக்குப் போயிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."