இடது காலில் சத்தம் இல்லை

“போட்டு நடக்காம, சத்தம் வருதா வரலையான்னு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டாள் மகாராணி.

மகாராணி அவள் பெயரல்ல. சாயங்காலம் படிக்கட்டில் கூடிக் கதை பேசும் நாங்கள் வைத்தது. எனக்கு மேல்வீடு. படியில் எதிரே நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாலும், சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

செருப்புக் கடையில் நான் ஒரு காலில் பழையதும் மறு காலில் புதியதுமாக உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் மகள், தோளில் பை. அலமாரி விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வந்தாள், கடையையே விலைபேச வந்தவள் தூசி பார்ப்பதுபோல. கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நின்றாள். ஒரு ‘என்னக்கா’ இல்லை.

சரி, நமக்கென்ன. காது இருக்கிறதே.

பையிலிருந்து வந்தது மகளின் ஷூ. நடந்தால் கீச் கீச் என்று கத்துமே, அந்த ரகம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஷூதான். என் தலைக்கு மேலேதான் அது நாளெல்லாம் குடித்தனம் செய்தது. போன வாரம் அதில் ஒரு கால் ஊமையானதும் எங்கள் வீட்டில் பாதி மதியத் தூக்கம் திரும்பி வந்தது. மீதிப் பாதிக்காகக் காத்திருந்தேன்.

கடைக்காரர் இரண்டின் குதிகாலையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வலது, கீச். இடது, புஸ்.

“தையல் பிரிஞ்சா சொல்லுங்க, ஒட்டு விட்டா சொல்லுங்க. பாட்டு நின்னுபோச்சுன்னா நான் என்னம்மா பண்றது? அதான் போர்டே மாட்டியிருக்கே.”

மாட்டியிருந்தார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’ மகாராணி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திமிர்.

“சத்தம் வரும்னு சொல்லித்தானே வித்தீங்க? வரலைன்னா அது பழுதான பொருள். போட்டு நடந்திருந்தாலும் மாத்தித் தரணும். நீங்க போர்டு எழுதிட்டா சட்டம் மாறிடுமா?”

குரல் உயரவில்லை. நடுங்கியது. ஒரு கீச்சுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். படிக்கட்டுக் கூட்டத்துக்கு இன்றைய தீனி கிடைத்துவிட்டது.

சட்டம் என்றதும் கடைக்காரர் இறங்கி வந்தார். குழந்தையை வாங்கி, வேறொரு ஜோடியை மாட்டி, விரிப்பில் இறக்கிவிட்டார். அடி வைக்கும்போதெல்லாம் சிவப்பு விளக்கு மின்னும் ஷூ. இது அதைவிட உசத்தி, அதே விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

“வெளிச்சம் வேண்டாங்க. சத்தம் வர்றதுதான் வேணும்.”

“அது புதுசா நடக்கிற குழந்தைங்களுக்குத்தாம்மா வரும். உங்க பொண்ணு போட்டிருந்ததுதான் அதுல கடைசி சைஸ், அதுவும் தீந்துபோச்சு. வேணும்னா பணத்தை வாங்கிக்கோங்க. இவதான் ஓடவே ஆரம்பிச்சுட்டாளே, இனிமே எதுக்கு அது?”

“ஓட ஆரம்பிச்சுட்டா. அதனாலதான்.”

ஜெயித்தவள் முகமாக அது இல்லை. பெரிய குழந்தைகளுக்குச் சத்தம் வருகிற மாதிரி வேறு ஏதாவது உண்டா என்று மெல்லக் கேட்டாள்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார்.

அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றாள்.

அந்த விரிப்பில் குழந்தையின் காலடி கேட்கவில்லை. சட்டென்று அவள் கழுத்து இப்படியும் அப்படியும் திரும்பியது. பிறகு என் பக்கம் நின்றது. கண் மட்டும் என் தோளைத் தாண்டி எங்கோ இருந்தது.

“இங்க யாராவது உக்காந்திருக்கீங்களா? என் பொண்ணு எங்க நிக்கிறான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

குழந்தை அவள் காலோரமாகவே நின்றிருந்தது. குதிகாலைத் தட்டித் தட்டி, விளக்கு மின்னுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“உன் வலது கைப் பக்கம்தாம்மா, உன்னை ஒட்டித்தான்” என்றேன்.

என் குரல் கேட்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. எந்த வாயில் விழக்கூடாது என்று இத்தனை நாள் ஒதுங்கிப் போனாளோ, அந்த வாய்.

“கீழ்வீட்டு அக்காவா?” என்றாள். கை காற்றில் துழாவி, மகளின் தலையைக் கண்டுபிடித்து, அங்கேயே அழுத்திக்கொண்டது. “கண்ணு மங்கிக்கிட்டே வர்றது இவ அப்பாவுக்கு இன்னும் தெரியாதுக்கா. தெரிஞ்சா இவளை என்கிட்ட தனியா விடமாட்டாங்க.”

பணத்தை அவள் வாங்கவில்லை. பழைய ஷூவையே மகளுக்கு மாட்டிவிட்டுக் கூட்டிப் போனாள்.

சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. கடைசிப் படியில் எனக்கு இடம் ஒதுக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கூட்டம் தயாராக இருந்தது. மகாராணி கடையில் சட்டமெல்லாம் பேசினாளாமே, நீ அங்கேதானே இருந்தாய், சொல்லு.

“சைஸ் இல்லையாம்” என்றேன்.

அது உண்மையும்கூட.

மேலே கீச் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு கீச்.

நான் அடுத்ததற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.