கடுகு நத்தை

அந்த மலைச்சுனையைத் தவிர வேறெங்கும் அந்த நத்தை கிடையாது. கடுகளவுதான் இருக்கும். சுனைக்கு வருகிறவர்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். பிறகு துணியில் தங்கிய நத்தைகளைச் சுனையிலேயே அலசிவிட்டுத்தான் மலையிறங்குவார்கள். இன்று ஊருக்குத் தண்ணீர் எடுக்க மோட்டார் வைத்தார்கள். பூரணவல்லி தன் பழைய சேலையை மடித்து, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் கட்டினாள்.

"மோட்டார் திணறும்க்கா," என்றான் ஃபிட்டர் லூர்துசாமி.

"திணறட்டும். அப்பப்ப நிறுத்து, நான் அலசிக் கட்டுறேன்."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

அவள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

மாலையில் வீட்டுக்கு வந்து கைகழுவப் போனபோது, லூர்துசாமியின் விரலிடுக்கில் கடுகு ஒன்று நகர்ந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஏந்திக்கொண்டு, அவன் மறுபடியும் மலையேறினான்.