செருப்புப் பெட்டிப் பொட்டலங்கள்

மனிதகுலம் செய்த முதல் தவறு வீடு. மூன்று நாட்களுக்கு முன் மனைவியோடு ஒரு பழைய வேனில் குடியேறியவன் அந்தத் தவறைத் திருத்திவிட்டான். இப்போது நடுப்பகல். செருப்புக் கடைக்குப் பின்னால் நிற்கும் வேனின் கூரை வெளியே கொதிக்கிறது, உள்ளே வியர்க்கிறது. முந்தாநாள் துவைத்த சட்டையைப் பிழிந்தால் இன்னும் சொட்டும். மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறான். நேற்று கடுகளவு இருந்த பூஞ்சணப் புள்ளிகள் இன்று மிளகளவு ஆகியிருக்கின்றன. அந்தக் கடையில் வேலை பார்க்கும் மனைவி இருமிக்கொண்டே ஏறி வந்து கைப்பையைக் கவிழ்க்கிறாள். செருப்புப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சப் போட்டு வரும் குட்டி வெள்ளைப் பொட்டலங்கள் ஆறு விழுகின்றன.

"ஆறா? இதை வச்சுக் கடலையே வத்த வச்சிடலாமே!"

"நல்லா சிரிங்க. எனக்கு மூச்சிழுப்பு வந்தா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கப்போறது நீங்கதான். சாயங்காலத்துக்குள்ள மெத்தை காயலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க அரண்மனையை ஆண்டுக்கிட்டு இருங்க."

அவள் கடைக்குள் போன பிறகும் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கிறது. அது சட்டென்று நின்றதும் அவனுக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இறங்குகிறான். கடையின் பின்வாசலில் காலிப் பெட்டிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து துழாவுகிறான்.

"என்ன சார் தேடுறீங்க?" என்கிறார் காவலாளி.

"எட்டாம் நம்பர்."

"காலிப் பெட்டியிலயா?"

சட்டைப்பை புடைத்திருக்க, அவன் அடுத்த பெட்டியைத் திறக்கிறான்.